மண்பானைச் சுவரில் ஒரு மென்படலம்



இப்பொழிவு வரிசையில் அறிவியற் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பெற்றபோது, உயிரணுவின் சவ்வைச் செயற்கையாக, அதிலும் நுண்துளைப் பொருள்களின் மேற்பரப்பில் உருவாக்கும் முயற்சியை நாம் எடுத்துக்கொண்டோம். கோல சிலாங்கூரில் பேசுவதற்கு இது பொருந்துமா என்று நண்பர் ஒருவர் ஐயுற்றார். இவ்வூரை விடப் பொருத்தமான இடத்தை நாம் அறியோம். ஏன் என்பதைக் கேள்வியொன்றிலிருந்து தொடங்குவோம்.

புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பத்தாங் பெர்ஜுந்தாயிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில், நம் முன்னோர் ஏன் பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்று, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டினர்? வெயிலுக்கு முன் வேலையை முடிக்கவே என்பர் சிலர். துரையின் கண்டிப்பு என்பர் வேறு சிலர். இரண்டும் ஓரளவு உண்மையே. ஆனால் அந்த நேரத்தைக் குறித்தது துரைமட்டும் அன்று, மரமும்தான். 10 மணிக்கு வெட்டினால் மங்கில் பால் குறையும் என்பதைக் கங்காணி அறிவார், வெட்டுபவரும் அறிவார். காரணத்தை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

காரணம் ஒரு சவ்வு. ரப்பர் மரப்பட்டையில் பால் ஓடும் குழாய்கள் உயிருள்ளவை. அவற்றைச் சுற்றி உயிரணுச் சவ்வு உண்டு. நீர் அச்சவ்வினூடே செல்லும். உள்ளிருக்கும் சர்க்கரையும் உப்பும் புரதமும் எளிதில் வெளிவரா. ஆகவே, நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், குழாய் விம்மும். இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் மரம் நீரை இழப்பதில்லை. விடியுமுன் அவ்விம்மல் உச்சத்தை எட்டுகிறது. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பட்டரி, போட்மன் என்னும் இருவர் பட்டையில் நுண்ணிய அழுத்தமானிகளைச் செருகி இதை அளந்து 1964இல் வெளியிட்டனர். விடியற்காலையில் அழுத்தம் 10 வளிமண்டல அளவையொட்டி இருந்தது. மகிழுந்துச் சக்கரத்திலுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் நான்கைந்து மடங்கு எனக் கொள்க. உளி பட்டதும் அவ்வழுத்தமே பாலை வெளியே தள்ளுகிறது. வெயிலேற ஏற இலைகள் நீரை இழுத்துக்கொள்ள, அழுத்தம் தாழ்கிறது.

பால் ஏன் நின்றுவிடுகிறது என்பதற்கும் விடை சவ்வுதான். பாலில் ரப்பர்த் துகள்கள் மட்டும் இல்லை. லூட்டாய்டு எனப்படும் நுண்பைகளும் உள்ளன. ஒவ்வொன்றும் தனிச் சவ்வினால் மூடப்பட்டது. உள்ளே அமிலத்தன்மையுள்ள நீர்மம். வெட்டுவாயருகே பால் விரைந்தோடும்போதும், அதனுடன் நீர் கலந்து அது நீர்த்துப்போகும்போதும் இப்பைகள் வெடிக்கின்றன. உள்ளிருந்த பொருள்கள் ரப்பர்த் துகள்களை ஒன்றுசேர்த்துத் திரளச் செய்ய, குழாயின் வாய் அடைபடுகிறது. 1960களில் அதே கழகத்தைச் சேர்ந்த சவுதர்ன் இதை விரிவாக ஆராய்ந்தார். மறுநாள் வெட்டுக் கோட்டிலிருந்து நம் பாட்டிமார் உரித்தெடுத்த ஒட்டுப்பால், உடைந்த சவ்வுகள் விட்டுச்சென்ற தடயம். ரப்பர்த் துகளுக்கும் மெல்லிய உறை உண்டு. கொழுப்பும் புரதமும் சேர்ந்த அவ்வுறை எதிர்மின்னூட்டம் உடையது. ஆதலால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிப் பால் பாலாகவே நிற்கிறது. பால் கொட்டகையில் பார்மிக் அமிலம் ஊற்றியவுடன் மின்னூட்டம் தணிந்து பால் கட்டியாகிறது. அமோனியா ஊற்றினால் கட்டியாகாமல் நாட்கணக்கில் நிற்கும். இவையெல்லாம் தோட்டத்தில் எழுதப்படிக்கத் தெரியாதவரும் அறிந்த செய்திகள்.

இனிச் செயற்கைச் சவ்வின் வரலாற்றுக்கு வருவோம். அது தொடங்குவது ஆய்வுக்கூடத்துக் கண்ணாடியில் அன்று. திராட்சைமது வணிகர் ஒருவரிடத்திலும் ஒரு மண்கலத்திலும்.

மோரிட்ஸ் டிராவுபே குடும்பத்தின் மது வணிகத்தை நடத்திக்கொண்டே வேதியியல் ஆராய்ந்தவர். 1860களில் அவர் இரு கரைசல்கள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய படலம் தோன்றுவதைக் கண்டார். மயில்துத்தக் கரைசலும் பொட்டாசியம் ஃபெரோசயனைடும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு தோல் உண்டாகும். அத்தோல் நீரை விடும், கரைந்த பல பொருள்களை விடாது. அவர் உண்டாக்கிய சிறு பைகள் நீரை உறிஞ்சி, வளர்ந்து, கிளைத்தன. பார்த்தவர்கள் உயிரணு என்றே மயங்கினர். குறை ஒன்றே: தொட்டால் கிழிந்தது. அழுத்தத்தை அளக்கும் வலிமை அதற்கு இல்லை.

இங்கேதான் வில்ஹெல்ம் ஃபெஃபர் என்னும் தாவரவியலார் வருகிறார். படலம் நலிந்ததாயின் அதை வலிய பொருளின் உள்ளே உருவாக்கினால் என்ன என்று அவர் எண்ணினார். மெருகிடாத நுண்துளைப் பீங்கான் கலத்தை எடுத்தார். சுவரிலுள்ள காற்றை நீக்கி நீரில் ஊறவைத்தார். கலத்துக்கு வெளியே மயில்துத்தக் கரைசல், உள்ளே ஃபெரோசயனைடு. இரண்டும் சுவரின் துளைகளுக்குள் இருபுறமிருந்தும் ஊறிச்சென்று சந்தித்தன. சந்தித்த இடத்தில் துளைதோறும் படலம் படிந்தது. கலத்தின் சுவர் தாங்க, படலம் தடுத்தது. பிறகு கலத்தினுள் சர்க்கரைக் கரைசலை நிரப்பி, பாதரச அழுத்தமானியைப் பொருத்தி, நீரில் நிறுத்தினார். 1 விழுக்காட்டுச் சர்க்கரைக்கு 535 மில்லிமீட்டர் பாதரசம். 2 விழுக்காட்டுக்கு 1016. 4 விழுக்காட்டுக்கு 2082. 6 விழுக்காட்டுக்கு 3075. மாணவர்கள் இவ்வெண்களை வகுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை இருமடங்கானால் அழுத்தமும் ஏறத்தாழ இருமடங்காவதைக் காணலாம். அவருடைய நூல் 1877இல் வெளிவந்தது.

ஆம்ஸ்டர்டாமில் ஹியூகோ த விரீஸ் என்னும் தாவரவியலார் இவ்வெண்களைத் தம் உடன்பணியாளர் வான்ட் ஹாஃபிடம் கூறினார். தெருவில் தற்செயலாகச் சந்தித்தபோது கூறினார் என்பர். வான்ட் ஹாஃப் அவற்றைக் கொண்டு, கரைந்த சர்க்கரை மூலக்கூறுகள் வாயு மூலக்கூறுகளைப் போன்ற விதிக்கே உட்படுகின்றன என்று நிறுவினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்கே வழங்கப்பட்டது. பால்மரத்தின் 10 வளிமண்டல அழுத்தத்தை விளக்குவதும் அவ்விதியே. துளையுள்ள மண்கலம் எத்துணை பெரிய வாயிலைத் திறந்தது, பாருங்கள். கோல கங்சாரின் லாபு சாயோங் கூசாவையும் நம் வீட்டு மண்பானையையும் நீர் குளிர்வதற்கு மட்டும் உரியவையாக நாம் கருதிவிட்டோம்.

ஆயினும் ஃபெஃபரின் படலம் உயிரணுவின் உண்மைச் சவ்வு அன்று. அதன் நடத்தையை ஒத்தது மட்டுமே. உண்மைச் சவ்வு எதனால் ஆனது என்பதற்கு 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் டச்சு ஆய்வாளர்கள் விடை தந்தனர். குருதிச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் பரப்பினர். பரவிய பரப்பு, அணுக்களின் மேற்பரப்பைப் போல் இருமடங்கு. ஆகவே சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக உள்ளது என்றனர். வேடிக்கை என்னவெனில், கொழுப்பை முழுமையாகப் பிரிக்காத பிழை ஒன்று, அணுவின் பரப்பைக் குறைத்துக் கணக்கிட்ட பிழை ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. முடிவு சரியாயிற்று. மாணவர்கள் இதனைத் தேர்வுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது.

இவ்விரட்டையடுக்கின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். தலைமயிரின் தடிமனில் பதினாயிரத்தில் ஒரு பங்கு என்றாலே மிகை. இதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்கள் முல்லர், ரூடின், தியென், வெஸ்காட் ஆகியோர், ஆண்டு 1962. நெகிழித் தடுப்பொன்றில் சிறு துளையிட்டு, அதை உப்புநீரில் மூழ்க வைத்து, மூளையிலிருந்து பெற்ற கொழுப்பைச் சிறு தூரிகையால் துளையின்மேல் பூசினர். பூச்சு மெலிந்துகொண்டே வந்தது. முதலில் சவர்க்காரக் குமிழியைப் போல வானவில் நிறங்கள்; பிறகு அங்கங்கே கரும்புள்ளிகள்; முடிவில் முழுதும் கருமை. ஒளியலையின் நீளத்தினும் படலம் மிக மெல்லியதாகி, முன்பின் பரப்புகளில் எதிரொளிக்கும் ஒளி ஒன்றையொன்று அழிப்பதால் அக்கருமை. கருத்துவிட்டால் வெற்றி. ஆனால் மேசை அதிர்ந்தால் போதும், உடைந்துவிடும்.

டிராவுபேயின் இடர்ப்பாடு மீண்டும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். தீர்வும் பழையதே: நுண்துளைத் தாங்கி. 1 மில்லிமீட்டர் அகலத் துளையில் நிற்கும் படலம் சில மணி நேரத்தில் உடையும். அதனை மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள கோடிக்கணக்கான துளைகளாகப் பகுத்தால், ஒவ்வொரு துளையின்மேலும் நிற்கும் துண்டு சிறியதாதலின் எளிதில் உடையாது. ஒன்று உடைந்தாலும் ஏனையவை நிற்கும். அலுமினியத் தகட்டை அமிலத்தில் வைத்து மின்னோட்டம் செலுத்தினால் தேனடையைப் போன்ற துளைகள் தாமே உண்டாகும். 2004இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரோமர், ஸ்டைனெம் ஆகியோர் அத்தகைய தகட்டின் மேற்புறத்தில் பொன் பூசி, அதில் கொழுப்பைப் பற்றவைத்து, துளைகளின்மேல் சவ்வு விரித்தனர். அது நாட்கணக்கில் நின்றது.

சமதளக் கண்ணாடியின்மேல் சவ்வு படியவைப்பது எளிது. கொழுப்பின் நுண்குமிழிகளை நீரில் விட்டால் அவை கண்ணாடியில் ஒட்டி, உடைந்து, பரவிக்கொள்ளும். பின்னர் ஏன் துளையுள்ள பரப்பை நாடவேண்டும்? கண்ணாடிக்கும் சவ்வுக்கும் இடையே இருப்பது ஒன்றிரண்டு நானோமீட்டர் நீர்ப்படலம் மட்டுமே. சவ்வில் பதித்த புரதங்கள் கண்ணாடியில் ஒட்டிச் செயலிழக்கும். துளையின்மேல் நிற்கும் சவ்வுக்கோ உயிரணுவில் உள்ளதுபோல் இருபுறமும் நீர். ஆனால் குமிழி துளையை விடச் சிறியதானால் உள்ளே விழுந்துவிடும். பெரியதானால் துளைமேல் பாலம்போல் கிடக்கும். துளைக்கும் குமிழிக்கும் உள்ள அளவுப் பொருத்தமே இக்கலையின் பாதி.

இதனால் நமக்கென்ன என்று கேட்பவர் உண்டு. தோட்டத்தில் மருந்தடித்த தாய்மாரின் பிள்ளைகள் அக்கேள்வியைக் கேட்கவேண்டியதில்லை.

சவ்வின் நடுப்பகுதி எண்ணெய்த் தன்மையுடையது. எண்ணெயில் கரையும் பொருள் அதனூடே எளிதில் நுழையும், நீரில் மட்டும் கரையும் மின்னூட்டப் பொருள் நுழையாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவர்டன் கண்ட விதி இது. 1998இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் கான்சியும் உடனாய்வாளர்களும் இதனை எளிய சோதனையாக்கினர். நுண்துளை வடிதாளில் லெசித்தின் கரைசலை ஊறவைத்தால் அதுவே செயற்கைச் சவ்வு. ஒருபுறம் மருந்தை வைத்து, மறுபுறம் எவ்வளவு வந்தது என அளந்தால் குடலில் அம்மருந்து ஏறுமா என்பதை முன்னறியலாம். இன்று உலகெங்கும் மருந்தாய்வுக் கூடங்களில் இது வழக்கம். 2012இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் தோலிலுள்ள கொழுப்புகளை ஒத்த பொருள்களை வடிதாளில் ஊறவைத்து, தோலுக்கும் அத்தகைய சோதனையை அமைத்தனர்.

தோலின் மேலடுக்கு இறந்த அணுக்களாலும் அவற்றிடையே நிரம்பிய கொழுப்பு அடுக்குகளாலும் ஆனது. செங்கல்லும் காரையும் போல. நீரை அது நன்கு தடுக்கும். எண்ணெயில் கரையும் பூச்சிக்கொல்லிகள், குறிப்பாக ஆர்கனோபாஸ்பேட்டு வகை, அக்காரையினூடே புகுந்துவிடும். எரிச்சலும் இராது, காயமும் இராது. வெறுங்கையால் மருந்தைக் கலக்கிய பெண், கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணுவது இயல்பே. பாரகுவாட் இதற்கு மாறானது. மின்னூட்டமுள்ள அது முழுத்தோலில் எளிதில் புகாது. ஆனால் தோலையே புண்ணாக்கி, அப்புண்ணின் வழி புகும். தெனாகானித்தா அமைப்பு 2002இல் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்புடன் இணைந்து வெளியிட்ட ஆய்வு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையைப் பதிவுசெய்தது. மலேசியாவில் பாரகுவாட் 2020 சனவரி முதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

கையுறையும் ஒரு சவ்வே. பால்மரத்துப் பாலில் செய்த கையுறை நீர்க்கரைசலைத் தடுக்கும். எண்ணெய்க் கரைப்பானில் கலந்த மருந்தைத் தடுப்பதில் நலிந்தது. அதற்கு நைட்ரைல் கையுறை வேண்டும். ஒரு தலைமுறைக்கு இச்சொற்றொடர் ஒன்றை அதன் தாய்மொழியில் யாரேனும் சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமை நமக்கு உண்டு. மருந்துக் கலத்தின் மேலிருந்த எச்சரிக்கையை எத்தனை பேர் படிக்க வல்லவராய் இருந்தனர்?

குடிநீருக்கும் இதே நெறியே. கடல்நீரைச் சவ்வின் வழியே அழுத்தி நன்னீராக்க 1950களில் பலர் முயன்றனர். செல்லுலோசு அசிட்டேட்டு உப்பைத் தடுத்தது. ஆனால் நீரும் சொட்டுச் சொட்டாகவே வந்தது. கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவருடன் இணைந்து இதைத் தீர்த்தவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் அது. தமிழ்ச்செவிக்கு அறிமுகம் தேவையில்லை. தாம் சோதித்த தாளை ஒருபுறமாக வைத்தால் பயன் தருவதும், புரட்டி வைத்தால் தராமையும் அவர்களுக்கு வழிகாட்டின. தாளின் இருபுறமும் ஒன்றல்ல என்பது விளங்கிற்று. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லிய தோல் மேலே, அதனைத் தாங்கும் நுண்துளைப் பஞ்சு கீழே என்னும் அமைப்புடைய சவ்வை 1960ஐ ஒட்டி உருவாக்கினர். ஃபெஃபரின் கலத்தை ஒரு தாளுக்குள் மடக்கியதைப் போன்றது அது. இன்று சமையலறைக் குழாயடியில் தொங்கும் வடிகட்டி அதன் வழித்தோன்றல். நீரை மட்டும் விடும் புரதக் கால்வாய்களைப் பீட்டர் ஏகர் கண்டறிந்து 2003இல் நோபல் பரிசு பெற்றபின், அப்புரதங்களை நுண்துளைத் தாளின்மேற் பதிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்ட நாள்களை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டீர். ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் கண்டல் மரங்கள் உப்பை வேரிலேயே வடித்துவிட்டு நீரைப் பருகும் வித்தையை எவரிடமும் கற்கவில்லை.

இவ்வட்டாரத்துக்குரிய மற்றொரு செய்தி. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தாய் அருகே, பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியேவால் தொடங்கப்பட்டது. அதன் பெயர் தென்னமரம். செம்பனைக்குத் தென்னையின் பெயர்! அப்பெயரில் நம்மவரின் குரல் கேட்கிறது. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலமும் 39 விழுக்காடு ஒலியிக் அமிலமும் உள்ளன. செயற்கைச் சவ்வு ஆய்வில் மிகுதியாகப் பயன்படும் கொழுப்பு ஒன்றின் இரு வால்களுள் ஒன்று பால்மிட்டிக், மற்றொன்று ஒலியிக். குலைவெட்டிய கைகளுக்கும் ஆய்வுக்கூடத்துக் குமிழிக்கும் இடையே இவ்வளவு நெருக்கம்.

சொற்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இது மொழிமன்றத்தின் மேடை. தமிழ்நாட்டுப் பாடநூல் சவ்வூடு பரவல் என்பதை, இலங்கைப் பாடநூல் பிரசாரணம் என்கிறது. அங்கே செல், இங்கே உயிரணு, இலங்கையில் கலம். நம் மாணவர் இடைநிலைப் பள்ளியில் மெம்பிரான் செபாரா தெலாப் என்று படிக்கின்றனர். 2003இலிருந்து சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியிலேயே அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. எனவே ஒரே கருத்துக்கு ஐந்தாறு பெயர்கள். எதிலும் வேர்பிடிக்காத பிள்ளைகள். சவ்வூடு பரவல் என்பதை நாம் பரிந்துரைக்கிறோம், பொருள் சொல்லிலேயே இருப்பதால். பிரசாரணம் தவறன்று, பிள்ளை அதைக் கேட்டு எதையும் கற்பனை செய்ய இயலாது என்பதே குறை. ஆயினும் சொல்லைவிட முந்தியது காட்சி. ஒட்டுப்பாலைக் காட்டிவிட்டுச் சவ்வு என்று சொல்லுங்கள். எந்நாட்டுச் சொல்லாயினும் நிற்கும்.

ஆசிரியர்கள் பள்ளியில் செய்யத்தக்க சோதனையைக் கூறி முடிக்கிறோம். மெருகிடாத சிறு மண்குவளை ஒன்றை ஒருநாள் நீரில் ஊறவையுங்கள். உள்ளே நீர்த்த பொட்டாசியம் ஃபெரோசயனைடு, வெளியே நீர்த்த மயில்துத்தக் கரைசல். இரண்டின் மட்டமும் ஒன்றாயிருக்கட்டும். ஓரிரு நாள் அசைக்காதீர்கள். கையுறையும் கண்காப்பும் அணிக. ஃபெரோசயனைடை அமிலத்துடன் சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது. எஞ்சிய கரைசலை வாய்க்காலில் ஊற்றவும் கூடாது. பின்னர்க் குவளையைக் கழுவி, இரண்டு செய்தால் ஒன்றைச் சர்க்கரைக் கரைசலுக்கு வைத்துக்கொண்டு, மற்றதை உடையுங்கள். முறிந்த ஓட்டின் நடுவே, செம்மண் நிறத்தினும் கருத்த கோடொன்று சுவரின் நீளத்துக்கும் ஓடுவதை மாணவர் தம் விரலால் தொட்டுக்காட்டுவர்.